பல்செட் எந்த நிறம்?

பல்செட்டை வெள்ளையில் வைப்பதா, இளஞ்சிவப்பில் வைப்பதா என்பதுதான் அப்போது அவருடைய பிரச்சினை.

மணி காலை ஆறரை. எட்டு மணிக்குத் தலைமை அலுவலகத்துப் பெண் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். அதற்குள் அறையில் இருக்கும் அத்தனை பொருளையும் நிறவாரியாகப் பிரித்துவிட வேண்டும். கறுப்பு முடிந்தது. நீலம் முடிந்தது. பல்செட்டில் பல் வெள்ளை, ஈறு இளஞ்சிவப்பு. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையில் வைத்தார்.

அது பெரிய பேருந்து நிலையம். அதன் பின்பக்கம், டயர் கிடங்கை ஒட்டி இருக்கிற நீளமான அறைதான் தொலைந்த பொருள் பிரிவு. பயணிகள் பேருந்தில் விட்டுவிட்டுப் போகிற எல்லாம் அங்கேதான் வந்து சேரும். பத்தொன்பது வருடமாக அந்த அறைக்கு ராஜாவும் அவர்தான், கூட்டிப் பெருக்குகிற ஆளும் அவர்தான். ஆயிரத்துக்குக் குறையாமல் குடைகள் அங்கே எப்போதும் கிடக்கும். அதனால் நிலையத்தில் எல்லாருக்கும் அவர் குடைக்காரர். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

குடைக்காரரிடம் ஒரு முறை இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, எங்கேயும் எழுதியதில்லை. பொருளைப் பார்த்ததும், இதைத் தொலைத்தவர் எவ்வளவு வேகத்தில் வருவார் என்று யோசிப்பார். பல்செட், மாத்திரைப் பை, வீட்டுச் சாவி, காதில் மாட்டும் கருவி இவற்றையெல்லாம் தேடி ஆள் ஓடி வருவார். அவை மேசைக்குக் கீழே, முழங்கால் பக்கத்துத் தட்டில் இருக்கும். சாப்பாட்டு டப்பா, புத்தகம், கைப்பை இவற்றுக்கு மறுநாள் நடந்து வருவார்கள். அவை முதுகுக்குப் பின்னால். தொப்பிக்கும் சட்டைக்கும் வந்தாலும் வருவார்கள். குடைக்கு யாரும் வருவதில்லை. அது கடைசி வரிசை.

வந்தவர் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, "சார், ஒரு..." என்று ஆரம்பிப்பார். அதற்குள் பொருள் மேசைமேல் இருக்கும். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே குடைக்காரர் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை.

முந்தைய நாள் மாலைதான் கடிதம் வந்தது. புது மேலாளர் கூப்பிட்டுக் கையில் கொடுத்து, "மாற்றம் வருதுங்க. தயாரா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

'தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் மூன்று நாள் தங்கள் பிரிவில் அமர்ந்து, தாங்கள் பணிபுரியும் முறையைக் கவனித்துக் குறிப்பெடுப்பார்' என்றது கடிதம். கீழே, 'மறுபக்கம் பார்க்க' என்று இருந்தது. அவர் மறுபக்கம் பார்க்கவில்லை. 'குறிப்பெடுப்பார்' என்ற இடத்திலேயே கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

மடிக்காமல் என்ன செய்வார்? இரண்டு வருடம் முன்னால் இதே மாதிரி ஓர் ஆள் நோட்டோடு வந்து, பேருந்து வரவு சொல்லும் அறிவிப்பாளர் பின்னால் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் அறிவிப்பாளர் இடத்தில் ஒரு பெட்டி பேசியது. அந்தக் கணீர்க் குரல்காரர் இப்போது வெளிவாசலில் வெயிலில் நின்று, உள்ளே வருகிற பேருந்துகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. தலையை மட்டும் ஆட்டுவார்.

குடைக்காரருக்கு வயது ஐம்பத்து நாலு. இடது முழங்கால் பத்து நிமிடம் நின்றால் வீங்கிக்கொள்ளும். வாசலில் எட்டு மணி நேரம் நிற்பது அவரால் நடக்கிற காரியமில்லை.

கடிதம் வந்த அன்று இரவு மைத்துனன் வீட்டுக்கு வந்திருந்தான். மனைவியின் தம்பி. ஆறு வருடத்தில் ஒன்பது வேலை மாறியவன். அந்தத் தகுதியிலேயே இப்போது 'மாற்றத்துக்கு மாறுவது எப்படி' என்று அலுவலகங்களில் வகுப்பெடுக்கிறான்.

"மூணு நாள் எழுதறாங்கன்னா என்னடா அர்த்தம்?" என்றாள் மனைவி.

"மூடறதுக்கு முன்னாடி அளவெடுக்கறாங்கன்னு அர்த்தம்க்கா."

குடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் ஒழுங்காத்தானே வேலை பார்க்கறேன்?"

"அதுதான் அத்தான் தப்பு. பத்தொன்பது வருஷமா ஒரே மாதிரி. எப்படி அடுக்கி வெச்சிருக்கீங்க, சொல்லுங்க?"

சொன்னார். முதல் முறையாக, கொஞ்சம் வெட்கத்தோடு, கொஞ்சம் பெருமையோடு சொன்னார். மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஓடி வர்ற தட்டு, நடந்து வர்ற தட்டா? அத்தான், தயவுசெஞ்சு இதை வெளியில சொல்லிடாதீங்க. மூளை குழம்பிப் போச்சுன்னு எழுதிடுவாங்க. நிறம் பிரிச்சு அடுக்குங்க. பார்த்த உடனே மாற்றம்னு தெரியணும்."

அதனால்தான் காலை ஆறரைக்குப் பல்செட் கையில் இருந்தது.

சரியாக எட்டு மணிக்கு அவள் வந்தாள். முப்பது வயதிருக்கலாம். கையில் தலையணை கனத்துக்கு ஒரு நோட்டு. தலையசைத்தாள், மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள், பேனாவைத் திறந்தாள்.

"டீ சாப்பிடறீங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டினாள். எழுதினாள்.

'நான் டீ கேட்டதையே எழுதிட்டாளே' என்று குடைக்காரருக்கு வியர்த்தது.

எட்டே காலுக்கு ஒரு பெரியவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். வாயைத் திறந்து விரலால் காட்டினார். குடைக்காரரின் கை பழக்கத்தில் முழங்கால் பக்கத்துத் தட்டுக்குப் போனது. வந்தது ஒரு சிவப்புப் பொம்மை ரயில். அது இப்போது சிவப்புத் தட்டு.

"ஒரு நிமிஷம்" என்று வெள்ளைப் பக்கம் ஓடினார். வெள்ளையில் தலைக்கவசங்கள், தலையணை உறைகள், ஒரு கோழி முட்டைத் தட்டு, யாரோ தொலைத்த துருவக் கரடிப் பொம்மை. பல்செட்டைக் காணவில்லை. கரடியின் மடியில் அது சிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் பெரியவரின் பேருந்து போய்விட்டது. அதுவரை திட்டக்கூட முடியாமல் நின்ற அவர், பல்லை மாட்டிக்கொண்ட பிறகு சேர்த்து வைத்துத் திட்டினார்.

அந்த நாற்பது நிமிடத்தில் அவள் நாலு பக்கம் எழுதியிருந்தாள்.

வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார் குடைக்காரர். மேசையில் வைத்தார். பிறகு மேசையில் பொருள் கிடக்கிறதே என்ற பதற்றத்தில், கறுப்புச் சட்டம் என்பதால், தானே எடுத்துக் கறுப்பு வரிசையில் போட்டுவிட்டார். கறுப்பு வரிசையில் அறுநூறு குடைகள் இருந்தன. கண்ணாடியைத் தேட, கண்ணாடி வேண்டியிருந்தது.

அதற்கு மேல் எல்லாம் மங்கல்தான். கறுப்புக் கைப்பை கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் நீலக் கைப்பையைக் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவே நல்லா இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாலையில் நீலப் பைக்குச் சொந்தக்காரி வந்தபோது அவர் மேசைக்குக் கீழே ஒளிந்துகொண்டார். ஸ்டூலில் பேனா கீறுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"பரவாயில்லை அத்தான்" என்றான் மைத்துனன் அன்று மாலை. "நிறம் நல்ல ஆரம்பம். ஆனா நீங்க மட்டும் மாறினா போதாது. வர்றவங்களையும் இதுல இழுக்கணும். தொலைச்ச பொருளை அவங்களே படமா வரைஞ்சு தரட்டும். படத்தைப் பார்த்து நீங்க எடுங்க. எவ்வளவு புதுசு பாருங்க!"

"எனக்குப் பயமா இருக்குடா."

"பழக்கத்தை விட்டாப் பயம் போயிடும். நாளைக்குக் காலையிலேர்ந்து எல்லாத்தையும் இடது கையால செய்யுங்க. தலைமாடு கால்மாடு மாத்திப் படுங்க. வேற வழியில வேலைக்குப் போங்க. மூளை இளகிடும்."

மாற்றிப் படுத்ததில் காலையில் எழுந்ததும் அலமாரியில் முட்டிக்கொண்டார். இடது கையால் பல் தேய்த்ததில் பற்பசை காது வரை போனது. மனைவி அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே, "என்னங்க, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவருக்கும் அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது. வாயில் நுரை இருந்ததால் அழவில்லை.

வேறு வழியில் போகிற பேருந்தில் ஏறினார். அது வேறு வழியிலேயே வெகுதூரம் போனது. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பூட்டிய கதவுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள்.

பூட்டைப் பார்த்து எழுத என்ன இருக்கிறது? சாவியை இடது கையால் போட்டதில் கதவு திறக்க மேலும் மூன்று நிமிடம் ஆனது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

அன்று மேசையில் காகிதமும் பென்சிலும் வைத்தார். முதலில் வந்தது வீட்டுச் சாவியைத் தொலைத்த ஒரு பெண்மணி.

"சாவிங்க. சீக்கிரம். வீட்ல அடுப்பு எரியுது!"

"படம் வரைஞ்சு தாங்கம்மா."

"என்னது?"

"இப்போ அதுதான் முறை."

அந்த அம்மாள் அவசர அவசரமாக ஒரு சாவி வரைந்தாள். உலகத்தில் எல்லாரும் சாவியை ஒரே மாதிரிதான் வரைவார்கள் என்று குடைக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடி வேறு இல்லை. படத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். இருந்த நூற்று முப்பது சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து காட்ட ஆரம்பித்தார். பின்னால் வரிசை சேர்ந்தது. வரிசையில் இருந்த ஒருவர் தொப்பி வரைந்தார், அது கவிழ்த்த கிண்ணமாக வந்தது. இன்னொருவர் நன்றாக வரையத் தெரிந்தவர். குடை ஒன்றை வரைய ஆரம்பித்து, துணி மடிப்புகளுக்கு நிழல் போடவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பென்சில் அவரிடம் இருந்ததால் வரிசை நகரவே இல்லை.

"யோவ், குடை இவ்வளவு அழகா இருந்திருந்தா விட்டுட்டு வந்திருப்பியா?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

நூற்றுப் பதினேழாவது சாவி அந்த அம்மாளுடையது. அதைப் பார்த்ததும் குடைக்காரருக்கு வந்த நிம்மதியில், அங்கே கிடந்த ஒரு சைக்கிள் மணியை எடுத்து அடித்துக் கையைத் தட்டிவிட்டார். ஏன் செய்தார் என்று அவருக்கே தெரியாது. பயந்த மனிதன் எதையாவது செய்வான். வரிசையில் இருந்தவர்களும் தட்டினார்கள். பாதிப் பேர் கிண்டலுக்கு, மீதிப் பேர் வரிசை நகர்ந்த சந்தோஷத்துக்கு. அவர் 'பொருள் பெறப்பட்டது' முத்திரையை இடது கையால் எடுத்துத் தலைகீழாகக் குத்தினார்.

மூலையில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா, இரக்கமா என்று கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. இரக்கம் என்று வைத்துக்கொண்டார்.

மாலையில் மனைவி நேரடியாகவே கேட்டாள்.

"ஏங்க, எதுக்கு எழுதறேன்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுட்டா என்ன?"

"தூக்குப் போட வந்தவங்ககிட்டப் போயி கயிறு எவ்வளவு நீளம்னு கேட்கச் சொல்றியா?"

"வேலை போனாப் போகுது. நீங்க காதுல பற்பசையோட அலையறதைப் பார்க்க முடியலைங்க."

அவள் அப்படிச் சொன்னது அவரை இன்னும் பயமுறுத்தியது. வேலை போகப் போகிறது என்று அவளும் முடிவு செய்துவிட்டாள்.

மைத்துனன் மட்டும் உற்சாகமாக இருந்தான். "கடைசி நாள் அத்தான். பெரிசா ஏதாவது பண்ணணும். நடுவுல நீங்க எதுக்கு? கதவைத் திறந்து விடுங்க. உள்ள போய் அவங்க பொருளை அவங்களே தேடிக்கட்டும். இப்போ எங்க பார்த்தாலும் அப்படித்தான்."

"அப்போ நான் எதுக்குன்னு கேட்க மாட்டாங்களா?"

மைத்துனன் ஒரு கணம் யோசித்தான். "அதுக்குத்தான் மணி அடிக்கறீங்களே."

மூன்றாம் நாளும் அதே வேறு வழி, அதே எட்டு இருபது. அவள் கதவருகே கடிகாரத்தோடு நின்றாள். குடைக்காரர் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்.

கைதட்டல் பற்றிய செய்தி நிலையம் முழுக்கப் பரவியிருந்தது போலிருக்கிறது. எதையும் தொலைக்காதவர்களும் வந்தார்கள். நாற்பதடி நீளம், எட்டு வரிசை, அதில் மூன்று வரிசைக்கு விளக்கு எரியாது. உள்ளே போனவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பதினோரு மணிக்குக் கறுப்பு வரிசை சரிந்தது. அறுநூறு குடைகள் விழுகிற சத்தம் கேட்டு டயர் கிடங்கு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண்மணி மேசைக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரைக் காணோம்."

மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டு வாய் பழகியிருந்தது. "என்ன நிறம்?" என்றார் குடைக்காரர்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மாநிறம்."

"கடைசியா எங்க விட்டீங்க?"

"இங்கதான். குடை எடுத்துட்டு வரேன்னு உள்ள போனாரு. ஒரு மணி நேரமாச்சு."

"படம் வரைஞ்சு தாங்க."

அந்த அம்மாள் வேறு வழியில்லாமல் ஒரு வட்டம் போட்டு, அதில் மீசை வரைந்தாள். மீசையில் கோபம் தெரிந்தது. குடைக்காரர் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டு வரிசைகளைப் பார்த்தார். உள்ளே எங்கேயோ ஒரு மனிதன் குடைக்குக் கீழே கிடக்கிறான். இறந்திருந்தால்? வேலை மட்டும் போனால் பரவாயில்லை என்று நினைக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

"ஐயா! ஏங்க ஐயா! எங்க இருக்கீங்க?" என்று கத்தினார். கூட்டத்துச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அப்போது வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பழைய அறிவிப்பாளர். பேருந்து எண்ணுகிற பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு வருடமாகத் திறக்காத வாயைத் திறந்தார்.

"பயணிகள் கவனத்திற்கு! குடை தேடி உள்ளே சென்ற, மாநிறம் உடைய, மீசை வைத்த பயணி அவர்களே! தங்கள் மனைவி தங்களுக்காக மேசை அருகே காத்திருக்கிறார்! தாமதிக்காமல் வெளியே வரவும்!"

அறையே அமைதியானது. அந்தக் குரல் அப்படி. குடைகள் அசைந்தன. இருட்டிலிருந்து மூன்று ஆண்கள் வெளியே வந்தார்கள்.

"நடுவுல நிக்கறவரு என்னோடது" என்றாள் அந்த அம்மாள்.

குடைக்காரர் மணி அடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். இடது கையால் முத்திரை குத்தி, பதிவேட்டில் அந்த அம்மாளிடம் கையெழுத்து வாங்கினார். நடு ஆள் மூக்கில் ஒரு கறுப்புச் சட்டக் கண்ணாடி இருந்தது.

"உள்ள கிடந்துச்சு. இருட்டுல போட்டுப் பார்த்தேன். நல்லாத் தெரியுது" என்று கழற்றிக் கொடுத்தார்.

குடைக்காரர் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டு நாளுக்குப் பிறகு தெளிவாகப் பார்த்தார்.

பார்த்திருக்க வேண்டாம். தட்டுகள் சாய்ந்திருந்தன. மாத்திரைப் பைகள் பச்சை, மஞ்சள் என்று மூலைக்கொன்றாகக் கிடந்தன. யாருடையதோ காதில் மாட்டும் கருவி தரையில் மிதிபட்டுக் கிடந்தது. இனி இதைத் தேடி ஒருவர் ஓடி வருவார். குடைக்காரர் குனிந்து எடுத்தார், சட்டையில் துடைத்தார், முழங்கால் பக்கத்துத் தட்டில் வைத்தார். அழுகை வந்துவிட்டது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார்.

திரும்பியபோது வாசலில் மேலாளர் நின்றிருந்தார். அந்தப் பெண் நோட்டின் கடைசிப் பக்கத்தை முடித்து, மூடிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒன்றாகப் போனார்கள்.

நாலு மணிக்கு மேலாளர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

போகிற வழியில் அறிவிப்பாளர் நிறுத்தினார். "வாசல்ல ஒரு தூண் இருக்கு. பன்னெண்டு மணி வரைக்கும் நிழல் விழும்" என்றார். "பாதி இடம் உங்களுக்கு."

குடைக்காரர் தலையை ஆட்டினார். இனிமேல் தலையை ஆட்டுகிற வேலைதான் என்று தோன்றியது.

மேலாளர் அறையில் மின்விசிறி சுற்றியது. அந்தப் பெண் ஓரத்தில் நின்றாள். மேசைமேல் அந்த நோட்டு இருந்தது. குடைக்காரர் உட்காரவில்லை. முழங்கால் வலித்தது, அப்படியும் உட்காரவில்லை. இப்போதே நின்று பழகினால் நல்லது.

"சார், நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். "இந்த மூணு நாளும் நீங்க பார்த்தது... நான் இதைவிடவும் மாறிக்கறேன் சார். எதை வேணும்னாலும் மாத்திக்கறேன். என்னை மட்டும் வாசலுக்கு அனுப்பிடாதீங்க."

"மாத்தறதா?" மேலாளர் பதறி எழுந்தார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க! கடிதத்துல மறுபக்கம் படிச்சீங்கல்ல?"

குடைக்காரர் விழித்தார்.

மேலாளர் சிரித்துவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. மூணு நாளா அவர்கிட்டப் பேசக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாதுன்னு உத்தரவு, பாவம்."

அவள் முதல் முறையாக வாயைத் திறந்தாள். குரலில் அவ்வளவு மரியாதை இருந்தது.

"பத்தொன்பது வருஷமா ஒரு புகார்கூட வராத இடம் நாட்டுலயே இது ஒண்ணுதான் சார், அதனால நீங்க செய்யறதை எதுக்குன்னு கேட்காம அப்படியே எழுதிட்டு வரச் சொன்னாங்க, நானும் எட்டு இருபதுக்குக் கதவு திறக்கறது, படம் வரையறது, இடது கையால தலைகீழா முத்திரை குத்தறது, கைதட்டறது வரைக்கும் ஒண்ணு விடாம எழுதிக் கொடுத்துட்டேன், மேலாளர் சார் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு, திங்கட்கிழமையிலேர்ந்து நாற்பத்திரண்டு நிலையத்துலயும் இதே முறைதான், இனிமே இதுல நீங்களே நினைச்சாலும் ஒரு புள்ளிகூட மாத்த முடியாது!"